பழுதை வாசித்தல் – போளூரில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர்

'பிரதி', 'வாசிப்பு', 'கட்டுடைப்பு' என்றெல்லாம் சிற்றிதழ்க்காரர்களாகிய நாம் முப்பது வருஷத்துக்கும் மேலாக எழுதித் தள்ளியிருக்கிறோம். கட்டுடைத்தலைப் பற்றிப் பேசுகிற நம்மில் எத்தனை பேர் ஒரு பெட்டியின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்திருப்போம்? கிண்டலுக்காகக் கேட்கவில்லை. போளூர் கடைத்தெருவில் ஒரு ரிப்பேர் கடையின் பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நானே கேட்டுக்கொண்டது.

விஷயம் இதுதான். ஆயா பாடிய நடவுப் பாட்டுகளை அப்பா 1987ல் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். ஆயாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அந்தப் பாட்டுகளை நானும் ஒரு கவிஞ நண்பரும் எழுத்தில் இறக்கி அச்சுக்குத் தயார் செய்து வைத்திருந்தோம். அடிகளை எங்கே உடைப்பது என்பதில் தகராறு வந்தது. நண்பர் எதுகை பார்த்து உடைக்கிறார். நான் பொருள் பார்த்து உடைக்கிறேன். ஆயா எங்கே மூச்சு விட்டாள் என்று இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை. சரி, மறுபடியும் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தால் செட்டு வேலை செய்யவில்லை. டெக் சுழல்கிறது. ஆம்ப்ளிஃபையர் செத்துக்கிடக்கிறது. குரல் இருக்கிறது, ஆனால் இல்லை. எங்கள் கையில் எஞ்சியது எங்கள் வசதிக்கு உடைத்துக்கொண்ட ஒரு பிரதி மட்டுமே.

'புதுசா ஒரு ப்ளூடூத் பெட்டி வாங்கிக்கோயேன்' என்றார்கள் வீட்டில். வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தச் செட்டு அப்பாவுடையது. அதைவிட, அது எப்படிச் செத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கம்பெனி செட் இல்லை அது. 'அசெம்பிள் செட்'. எண்பதுகளில் தமிழ்நாட்டின் சின்ன டவுன்களில் வளர்ந்த எவருக்கும் இந்தச் சொல் தெரியும். வெளிநாட்டுச் சாமான்களுக்கு லைசென்ஸும் தீர்வையும் வேலி போட்டிருந்த காலம். 1991க்கு முன்னால் ஜப்பான் ஸ்டீரியோ என்பது துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்வந்தவர் வீட்டு அலங்காரம். மற்றவர்களுக்கு உள்ளூர் மெக்கானிக் கட்டிக்கொடுத்த செட்டுதான். 1954ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் மாதிரியான பொதுத்துறை நிறுவனங்கள் செய்த டிரான்ஸிஸ்டர்கள், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய சாமான்கள், உள்ளூரில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், தச்சர் செய்த மரப்பெட்டி. சர்க்யூட் படம் 1969லிருந்து வந்துகொண்டிருந்த 'எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' மாதிரிப் பத்திரிகையிலிருந்தோ, இன்னொரு மெக்கானிக்கின் நோட்டிலிருந்தோ வரும். ஒரே படம் ஊருக்கு ஊர் மாறும். கையில் கிடைத்த ரெசிஸ்டன்ஸுக்கு ஏற்ப, கட்டுகிறவரின் காதுக்கு ஏற்ப, வாங்குகிறவரின் பாக்கெட்டுக்கு ஏற்ப. மூலப்பிரதி என்று ஒன்று கிடையாது, பாடபேதங்கள் மட்டுமே. நாட்டார் வழக்காற்றைப் பற்றி நாம் என்ன எழுதினோமோ அத்தனையும் இந்தப் பெட்டிக்குப் பொருந்தும். நம் கண்ணில் அது பட்டதில்லை, அவ்வளவுதான்.

இனி பெஞ்சுக்கு வருவோம். மெக்கானிக்குக்கு வயது அறுபதுக்கு மேல். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை. செட்டை வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம், அதை ஆன் செய்யாமல் இருந்தது.

'இன்னா சார் பண்ணீங்க இதுக்கு?'

'ஃபியூஸ் போச்சுண்ணே. வேற போட்டேன். அதுவும் போச்சு.'

'அப்புறம்?'

நான் பதில் சொல்லவில்லை. அவரே மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் நான் முறுக்கி வைத்திருந்த செம்புக் கம்பி. திட்டவில்லை. 'ஃபியூஸ் போறது நோவு இல்ல சார். நோவு கீதுன்னு சொல்றது' என்று மட்டும் சொன்னார்.

ஃபியூஸ் பழுதின் சாட்சி. சாட்சியின் வாயைக் கட்டிவிட்டு வழக்கு தீர்ந்ததாக நினைக்கிற மனோபாவம் என்னுடையது. அந்தக் கம்பி கொஞ்சம் முன்னதாக எரிந்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது; எரியாமல் இன்னும் நாலு நிமிஷம் நின்றிருந்தால் அதன் சுருளும் கருகி, செட்டு பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும். (இயக்கங்களுக்குள்ளும் இந்தக் கம்பி கட்டுகிற வேலை நடப்பதுண்டு. பேர் சொல்லத் தேவையில்லை.)

மின்சாரம் கொடுக்காமலேயே பாதி பழுதைப் படித்துவிட முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். முதலில் மூக்கு. கருகிய ரெசிஸ்டன்ஸுக்கு ஒரு நாற்றம், கசிந்த கண்டென்சருக்கு மீன் வாடை மாதிரி வேறொன்று. அடுத்து கண். கண்டென்சரின் தலை உப்பியிருக்கிறதா, போர்டில் பழுப்புக் கறை இருக்கிறதா, ஈயப் பற்றைச் சுற்றி மயிரிழை வளையம் தெரிகிறதா. அந்த வளையம்தான் 'டிரை சால்டர்'. ஒட்டியிருப்பது போலத் தோன்றும், ஒட்டியிருக்காது. செட்டைத் தட்டினால் பாடி, தட்டாவிட்டால் நிற்கும் கேஸ்களில் பெரும்பாலானவை இதனால்தான். அதன் பிறகே கை. அதற்கும் முன்னால் ஒரு வேலை. பெரிய ஃபில்டர் கண்டென்சர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். சிலர் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் 'டப்'பென்று ஷார்ட் பண்ணுவார்கள். இவர் ஒரு ரெசிஸ்டன்ஸைக் குறுக்கே வைத்து மெதுவாக வடியவிட்டார். வால்வு செட்டாக இருந்தால் உள்ளே முந்நூறு, நானூறு வோல்ட் இருக்கும். அங்கே இந்தப் பொறுமை இல்லாதவன் உயிரோடு திரும்பமாட்டான்.

பிறகு மீட்டர். இடது சேனலின் இரண்டு 2என்3055 டிரான்ஸிஸ்டர்களும் ஷார்ட். நம்மூர் அசெம்பிள் செட்டுகளின் முதுகெலும்பு இந்த எண்தான். அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனி அறுபதுகளில் கொண்டுவந்தது. முட்டை வடிவ இரும்புத் தொப்பி, இரண்டு கால், உடம்பே மூன்றாவது கால். 60 வோல்ட், 15 ஆம்பியர் வரை தாங்கும் என்பது புத்தகக் கணக்கு. நல்ல டிரான்ஸிஸ்டரில் பேஸிலிருந்து மற்ற இரண்டுக்கும் ஒரு பக்கம் வைத்தால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், முனையைத் திருப்பி வைத்தால் ஒன்றும் காட்டாது. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே எப்படி வைத்தாலும் பூஜ்யம் என்றால் செத்தது. இங்கே இரண்டும் பூஜ்யம். 48 வோல்ட் சப்ளை மேல் டிரான்ஸிஸ்டருக்குள் நுழைந்து கீழ் டிரான்ஸிஸ்டர் வழியாக நேராகத் தரைக்கு ஓடியிருக்கிறது. ஃபியூஸ் போகாமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். 'படம் இல்லாம எப்படிண்ணே மத்ததெல்லாம் கண்டுபிடிப்பீங்க?'

'இன்னாத்துக்குப் படம்? இன்னொரு சேனல் நல்லாத்தானே கீது. அதான் படம்.'

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் என்பது ஒரே போர்டில் இரட்டைப் பிள்ளைகள். இடதும் வலதும் ஒரே சர்க்யூட். ஒன்று செத்து ஒன்று உயிரோடு இருந்தால், உயிரோடு இருப்பதன் ஒவ்வொரு புள்ளியிலும் அளந்து, செத்ததன் அதே புள்ளியில் அளந்து, எங்கே வித்தியாசம் தொடங்குகிறது என்று பார்த்தால் போதும். அர்த்தம் வேறுபாட்டில் பிறக்கிறது என்பதை சசூர் வழியாக நாம் படித்தோம். எத்தனை இதழ்களில் எத்தனை பக்கம்! இவர் அதை மீட்டர் முனையில் செய்துகொண்டிருந்தார். சசூர் சொன்னதும் இதுவும் ஒன்றேதான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இவருடைய வேலையை நம் பாடத்துக்கு உதாரணமாக்கிச் சுருக்குகிற சமாச்சாரம். இவருடைய முறைக்கு வேறொரு கறார்த்தன்மை இருக்கிறது. தப்பாக வாசித்தால் இங்கே புகை வரும். நாம் தப்பாக வாசித்தால் அடுத்த இதழில் எதிர்வினை வரும், அவ்வளவுதான்.

புது டிரான்ஸிஸ்டர்களைப் போடுவதற்கு முன் அவற்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். போலி 2என்3055 மார்க்கெட்டில் தாராளமாக உண்டு. தொப்பியில் எண் சரியாக இருக்கும், உள்ளே சிலிக்கான் துண்டு கால்வாசி இருக்கும். செத்த போலி ஒன்றின் தொப்பியை அறுத்து வைத்திருந்ததைக் காட்டினார். அத்தனை பெரிய கூட்டுக்குள் ஒரு கடுகு.

போட்டதும் நேராக பிளக்கில் சொருகவில்லை. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்திருந்த பலகை வழியாகக் கொடுத்தார். 'சீரிஸ் லேம்ப்' என்பார்கள். இதன் சூட்சுமத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை நாற்பது ஓம் பக்கம்தான். பழுத்து எரியும்போது ஐந்நூறைத் தாண்டும். செட்டில் ஷார்ட் இருந்தால் கரண்ட் அதிகமாக இழுக்கும், பல்பு பழுக்கும், தடை கூடும், கரண்ட் அத்தோடு மட்டுப்படும். புது டிரான்ஸிஸ்டர் பிழைத்துக்கொள்ளும். ஷார்ட் இல்லையென்றால் கண்டென்சர் நிரம்புகிற ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். பழுதை விளக்காகவே எரித்துக் காட்டுகிற எளிய ஏற்பாடு. எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது, அதற்கு இப்படிச் சூடேறுகிற இழையே கிடையாது. குண்டு பல்பு இப்போது கடைகளில் அருகிவிட்டது. இவர் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வைத்திருக்கிறார்.

இங்கே ஒரு கிளைக்கதை. பிலிப்ஸ், ஓஸ்ராம், ஜெனரல் எலெக்ட்ரிக் சார்ந்த கம்பெனிகள் எல்லாம் 1924ல் ஜெனிவாவில் கூடி 'ஃபீபஸ்' என்ற கார்ட்டல் அமைத்தன. பல்பின் ஆயுள் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டன. அதிக நேரம் எரியும் பல்பு செய்த உறுப்பினருக்கு அபராதம். சீக்கிரம் சாகும்படி திட்டமிடப்பட்ட அதே சாதனம், நூறு வருஷம் கழித்து போளூரில் இன்னொரு சாதனத்தைச் சாகாமல் காப்பாற்றுகிறது. வரலாற்றின் முரண் என்று இதைச் சொல்லலாமா தெரியவில்லை. மெக்கானிக்கிடம் சொன்னேன். 'ஆயிரம் மணி இன்னாத்துக்கு சார், நான் ஒரு நாளைக்கு அஞ்சு நிமிசம்தான் எரிக்கிறேன்' என்றார்.

பல்பு மங்கியது. அடுத்து நடுப்புள்ளி. இந்த மாதிரி ஒற்றைச் சப்ளை செட்டுகளில் இரண்டு டிரான்ஸிஸ்டர்களும் சேருகிற இடத்தில் சப்ளையின் சரிபாதி இருக்க வேண்டும், அதாவது 24 வோல்ட். ஒலி அலை அந்தப் பாதியிலிருந்துதான் மேலும் கீழும் போய்வருகிறது. பாதி தவறினால் ஒரு பக்கம் இடமில்லாமல் அலையின் தலை வெட்டுப்படும், குரல் கரகரக்கும். மேல் டிரான்ஸிஸ்டர் ஷார்ட் என்றால் நடுப்புள்ளி சப்ளைக்கு ஏறிவிடும், கீழது ஷார்ட் என்றால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். நல்ல சேனலில் 24. இங்கே 17. மற்ற புள்ளிகளை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுக்கொண்டே முன்னால் போனார். முதல் டிரான்ஸிஸ்டருக்கு அளவு சொல்கிற இடத்தில் ஒரு சின்னக் கண்டென்சர், உள்ளுக்குள் கசிந்து வோல்ட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றியதும் 24.

'அப்ப அதுதான் காரணமாண்ணே?'

'அது கரகரப்புக்கு. செத்ததுக்கு வேற.'

எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தப் பதில்தான். செத்ததை மாற்றியாயிற்று, செட்டும் பாடுகிறது. யாரும் அங்கேயே நிறுத்தி காசு வாங்கியிருக்கலாம். பத்து நாளில் மறுபடி செத்திருக்கும். டிரான்ஸிஸ்டர் ஏன் செத்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை அவர் செட்டை மூடுவதாயில்லை. டிரான்ஸிஸ்டருக்கு ஒரு குணம் உண்டு. சூடேற ஏற, அதைத் திறக்கத் தேவையான வோல்ட் குறையும், டிகிரிக்கு இரண்டு மில்லிவோல்ட் கணக்கில். அதே வோல்ட்டைத் தொடர்ந்து கொடுத்தால் கரண்ட் கூடும். கரண்ட் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் மறுபடி கரண்ட். தன்னைத் தானே எரித்துக்கொள்ளும் வட்டம். இதைத் தடுக்க, ஹீட்சிங்க் அலுமினியத்தின் மேலேயே ஒரு சின்ன டையோடை ஒட்டி வைத்திருப்பார்கள். அதுவும் சேர்ந்து சூடாகி, கொடுக்கிற வோல்ட்டைக் குறைத்து விடும். எங்கள் செட்டில் அந்த டையோடின் பசை முப்பத்தைந்து வருஷத்தில் காய்ந்து உதிர்ந்து, டையோட் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மின்ரீதியாக அதில் ஒரு குறையும் இல்லை. மீட்டர் வைத்தால் நல்லது என்றே காட்டும். எங்கே ஒட்டியிருக்க வேண்டுமோ அங்கே ஒட்டியில்லை, அவ்வளவே. சுடுகிற இடத்தைத் தொடாமல், சூடு பற்றிய தகவலைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நம்மைப் பற்றி இதைவிடக் கடுமையான விமரிசனத்தை நான் எந்த இதழிலும் படித்ததில்லை.

டையோடை ஒட்டி, டிரான்ஸிஸ்டருக்கு அடியில் கிழிந்திருந்த மைக்காவை மாற்றி, பேஸ்ட் தடவி, ஓய்வு நிலை கரண்ட்டை வைத்தார். 0.47 ஓம் எமிட்டர் ரெசிஸ்டன்ஸின் குறுக்கே 10 மில்லிவோல்ட். கணக்குப் போட்டால் இருபத்தொரு மில்லிஆம்பியர் வரும். அவர் கணக்குப் போடவில்லை. 'பத்து வச்சா போதும்.'

கில்பர்ட் ரைல் 1949லேயே 'இன்னது என்று அறிதல்', 'எப்படி என்று அறிதல்' என இரண்டையும் பிரித்துக் காட்டி, இரண்டாவதை முதலாவதின் வேலைக்காரனாக நினைப்பது தப்பு என்றார். ஹாரி பிரேவர்மன் 1974ல் இதை அரசியலாகப் பேசினார். சிந்திப்பதைக் கம்பெனி அலுவலகத்துக்கும் செய்வதைத் தொழிலாளியின் கைக்கும் பிரித்துக்கொடுப்பதே முதலாளியத்தின் உழைப்பு ஒழுங்கு என்று. நம்மூரில் இந்தப் பிளவுக்கு முதலாளியம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாமல் போயிற்று. அம்பேத்கர் 1936ல் எழுதிய 'சாதி ஒழிப்'பில், சாதி வேலையைப் பிரிப்பதோடு நில்லாமல் வேலை செய்கிறவர்களையே பிரித்துப் படிநிலையில் அடுக்குகிறது என்று காட்டியதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். பறையை நெருப்பில் காட்டித் தோலை இறுக்கிச் சுருதி கூட்டுவதும் ஒலி பற்றிய அறிவுதான். எப்போது போதும் என்று காதும் விரலும் சொல்லும். அந்த அறிவின் மேல் ஒரு சாதியின் பெயரையும் இழிவையும் ஏற்றி வைத்தார்கள். ரேடியோ ரிப்பேர் இந்த மண்ணில் புதிதாக வந்த வேலை. அதற்குப் பழைய நூல்களில் பெயரும் இல்லை, படிக்கட்டில் இடமும் இல்லை. அதனாலேயே அந்த பெஞ்சு சாதியற்றது என்று சொல்லிவிட மாட்டேன். கடை யாருடைய தெருவில் இருக்கிறது, யார் யார் வீட்டுக்குள் போய்ச் செட்டை எடுத்துவர முடியும் என்று கேட்டால் ஊர் தன் முகத்தைக் காட்டிவிடும். ஆனாலும் ஐடிஐ படித்தவனும் படிக்காதவனும் ஒரு சால்டரிங் அயனைப் பிடித்து நிற்கக் கிடைத்த இடம் அது. அதை நம் கோட்பாட்டு எழுத்து கவனித்திருக்க வேண்டும்.

பக்கத்திலேயே இன்னொரு காட்சி உண்டு. இதே ஜவ்வாது மலைமேல் காவலூரில் வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி, இந்தியாவிலேயே செய்தது. 1986ல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. சூட்டியதில் தப்பில்லை, அவர் உழைப்பு அது. அங்கேயும் வேலை மெல்லிய சமிக்ஞையை இரைச்சலிலிருந்து பிரிப்பதுதான். மலைமேல் அந்த வேலைக்குப் பெயர் அறிவியல், அடிவாரத்தில் ரிப்பேர்.

இரைச்சல் என்றதும் நினைவுக்கு வருகிறது. இரண்டு சேனலும் பாடத் தொடங்கியபோது அடியில் ஒரு 'ம்ம்ம்' இருந்தது. ஹம்மிங். வால்யூமைத் திருகச் சொன்னார். கூட்டினாலும் குறைத்தாலும் அது மாறவில்லை. அந்த ஒரு திருகலில் செட்டைப் பாதியாக வெட்டிவிட்டார். மாறியிருந்தால் பழுது வால்யூமுக்கு முன்னால், ஒயரிலோ டெக்கிலோ. மாறவில்லை என்பதால் பின்னால், அல்லது சப்ளையில். பிறகு காதை வைத்தார். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஷீல்டு அறுந்த ஒயரில் அதுவே தடித்த குரலாக நுழையும். நாலு டையோட் வழியாக டிசி ஆக்கிய பிறகு ஃபில்டர் கண்டென்சர் வற்றிப்போயிருந்தால் கேட்பது 100. கொஞ்சம் கூராக, வண்டு மாதிரி. டையோடில் ஒன்று அறுந்திருந்தால் சப்ளையிலேயே மறுபடி 50 ஆகிவிடும். 'இது நூறு' என்றார். மீட்டர் தேவைப்படவில்லை. 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சரைக் கழற்றினார். அதில் 50 வோல்ட் என்று போட்டிருந்தது. மாற்றிப் போட்டது 63 வோல்ட்.

'படத்துல அம்பதுதானேண்ணே இருக்கும்?'

'படம் போட்டவன் ஊர்ல கரண்டு ஒழுங்கா வந்திருக்கும்.'

யோசித்தால் கணக்கு சரியாக வருகிறது. சாயங்காலம் பம்பு செட்டுகள் ஓடும்போது லைனின் கடைக்கோடியில் 230க்குப் பதில் 180 வந்தால், உள்ளே 48 வோல்ட் முப்பத்தெட்டுக்கும் கீழே போகும். செட்டின் சக்தி அறுபது சதவீதம் ஆகிவிடும். வீட்டில் 'குரல் ஏறமாட்டேங்குது' என்று வால்யூமை முழுக்கத் திருகுவார்கள், அலை வெட்டுப்படும். நடுராத்திரி மோட்டார்கள் எல்லாம் நின்றதும் 255க்கு ஏறினால் 48 என்பது 53. ஐம்பது வோல்ட் கண்டென்சர் எத்தனை நாளைக்குத் தாங்கும்? மலையிலிருந்து, ஜமுனாமரத்தூர்ப் பக்கமிருந்து வருகிற செட்டுகளுக்கெல்லாம் 63தான் போடுவாராம். படத்தை ஊர் திருத்துகிறது. திருத்தியதை யாரும் அச்சடிப்பதில்லை. அது இவருடைய பெஞ்சில் இருக்கிறது, இவரோடு போய்விடும். உடன் வேலை கற்க ஒரு பையன்கூட இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு அந்தக் கடை மூலையிலேயே பதில் குவிந்து கிடந்தது. ஒட்டி மூடப்பட்ட ப்ளூடூத் பெட்டிகள். ஸ்க்ரூவே கிடையாது. உள்ளே ஆம்ப்ளிஃபையர் முழுக்க ஒரே சிப். சிலவற்றில் எண்ணையும் சுரண்டிவிட்டிருக்கிறார்கள். இரட்டைச் சேனலை ஒப்பிடலாம் என்றால் இரண்டும் ஒரே கறுப்புத் துண்டுக்குள் இருக்கின்றன, சேர்ந்தே சாகின்றன. பழைய வால்வு ரேடியோக்களில் மூடிக்கு உள்பக்கம் படத்தை ஒட்டிக்கொடுத்த கம்பெனிகள் உண்டு. அந்தப் படத்தை மறைத்தது தொழில்நுட்ப வளர்ச்சியின் தவிர்க்க முடியாத விளைவு என்று நம்புகிறவர்கள் ஃபீபஸ் கதையை மறுபடி படிக்கலாம். இந்திய அரசு 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு இணைய வாசல் திறந்தது. அதில் கம்பெனிகள் தங்கள் சேவை மையம், உதிரிபாகம் பற்றிய விவரங்களைப் போடலாம். பயனீட்டாளரின் உரிமையாகத்தான் அது பேசப்படுகிறது. பழுதுபார்க்கிறவனின் அறிவுக்கு அதில் என்ன இடம் என்பது வேறு கேள்வி. கம்பெனி மையத்தில் செய்வது போர்டை மாற்றுவது. அது ஃபியூஸ் மாற்றுவதன் விலை கூடிய வடிவம்.

மூன்றாவது நாள் செட்டை ஒரு மணி நேரம் ஓடவிட்டார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஹீட்சிங்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கை காய்த்துப்போய்விட்டது, சூடு சரியாகத் தெரியாதாம். வால்யூம் கன்ட்ரோலின் 'கர்கர்'ருக்கு கிளீனர் அடித்தார். (தேங்காயெண்ணெய் விட்டவர்கள் வரிசையில் நானும் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரெண்டு மாசம் நன்றாக இருக்கும், பிறகு தூசியைப் பிசைந்து பழையதைவிட மோசமாகும்.) 'இப்ப போடுங்க கேசட்ட' என்றார்.

போட்டேன். ஆயாவின் குரல் ஆம்பிளைக் குரலாக இழுத்துக்கொண்டு வந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. செட்டு மறுபடி போச்சு என்று நினைத்தேன். அவர் சிரித்தார். 'செட்டு மேல தப்பில்ல சார். டெக்குல பெல்ட்டு தளந்து கீது. ஓட்டம் கம்மி.'

நிறுத்தச் சொல்லவில்லை நான். அந்த மெதுவான ஓட்டத்தில் ஒவ்வொரு சொல்லும் நீண்டு, சொல்லுக்கு நடுவே மூச்சு தனியாகக் கேட்டது. நண்பர் உடைத்த இடத்திலும் இல்லை, நான் உடைத்த இடத்திலும் இல்லை. ஒரு சொல்லின் பாதியில், நாற்றை ஊன்றக் குனிகிற இடமாக இருக்க வேண்டும், அங்கே இழுத்திருக்கிறாள். பென்சிலை எடுத்துக் குறித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் கையில் காகிதம் இல்லை. அவருடைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நாலு அடிகளைக் குறித்தேன்.

பெல்ட் ரிச்சி தெருவிலிருந்து வரவேண்டும். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.